வியாசத்தில் உடைந்த கண்மாய்

யுத்தம் தொடங்கிய மறு வருஷம் தை மாதத்தில், சமஸ்தானத்துத் தற்காலிக ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் வியாசப் பரீட்சை எழுதித் தேறினால்தான் வேலை நிரந்தரம். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். பள்ளிக்கூடத்து வாத்தியார், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டின் குமாஸ்தா, எல்லாருக்கும் அதே பரீட்சைதான். முன்னுரையும் முடிவுரையும் எழுதத் தெரியாத ஒருவரை நம்பி மாட்டை விடக்கூடாது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

கொன்றைக்குடி ஆரம்பப் பாடசாலை உதவி ஆசிரியர் தைரியநாதன் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். விராலிமலை ரஸ்தாவிலிருந்து வண்டிப்பாதையில் இறங்கிப் போனால் வருகிற ஊர் கொன்றைக்குடி. அவருக்குச் சொந்த ஊர் ஆவூர். வேலை தற்காலிகமாகவே இருக்க, கல்யாணம் மட்டும் நிரந்தரமாக நடந்துவிட்டது. மைத்துனன் அடைக்கலராஜ் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வாத்தியார் வேலை போனால் கப்பலேறி வந்துவிடுங்கள், ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று எழுதிக்கொண்டே இருந்தான்.

மனைவி வேளாங்கண்ணி தன் பக்கத்தை ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள்: "அட்டை கடிக்கிற ஊருக்கு நான் வரமாட்டேன். ஒண்ணு பாஸ் பண்ணுங்க. இல்லாட்டி தனியாப் போங்க."

பரீட்சைக்கு ஆட்களைத் தயார் செய்வதற்காகப் புதுக்கோட்டையில் 'வியாசப் பரீட்சை ஆயத்த இலாகா' என்று ஒன்றையும் திறந்தார்கள். அதற்குக் கிடைத்த இடம் ஒரு பழைய குதிரை லாயம். மோட்டார் வந்த பிறகு குதிரைகள் போய்விட்டன. ஒவ்வொரு கொட்டடி மேலும் அவற்றின் பெயர்ப் பலகைகள் மட்டும் இருந்தன. கொட்டடிக்கு இரண்டு பேர். தைரியநாதனுக்கும் நார்த்தாமலைப் பவுண்டுக் குமாஸ்தா வெள்ளைச்சாமிக்கும் 'மோத்தி' கிடைத்தது. சனிக்கிழமை காலையில் சேவகன் வாசலில் நின்று, "ராணி?" என்று கூப்பிடுவான். உள்ளேயிருந்து இரண்டு கம்பவுண்டர்கள், "ஆஜர்" என்பார்கள். "மோத்தி?" என்றதும் இவர்கள் இருவரும் எழுந்து நிற்பார்கள்.

இலாகாவின் சூப்பிரண்டு கோகர்ணேச ராவ். சரிகைத் தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி, பேசும்போது கூரையைப் பார்க்கிற வழக்கம். முதல் நாள் அவர் செய்த பிரசங்கம் இது:

"அபேட்சகர்களே! படித்தவன் பாஸாகிறான் என்பது பாமர எண்ணம். எப்படிப் படிப்பது என்று படித்தவனே பாஸாகிறான். எதைப் படிப்பது என்ற பிரச்னை அதற்கு அப்புறம் வருவது. முப்பது வருஷ சர்வீஸில் நான் அந்தக் கட்டத்துக்கு வந்ததே இல்லை."

வெள்ளைச்சாமி குனிந்து சொன்னார்: "புல்லுப் போடுறதுக்கு முந்தி அசைபோடக் கத்துக்குடுக்கிறாக, வாத்தியாரே."

முதல் பாடம் கால அட்டவணை. ஒவ்வொருவரும் எந்த மணிக்கு எழுவார், எந்த மணிக்குப் படிப்பார் என்று எழுதி மேலொப்பம் வாங்க வேண்டும். மேலொப்பம் ஆகாத அட்டவணைப்படி படித்த படிப்பு செல்லாது. தைரியநாதன் காலை நாலு மணிக்குப் படிப்பதாக எழுதிக்கொடுத்தார். 'அந்நேரத்தில் விளக்கெரிக்கச் சீமெண்ணெய்க்கு யாரிடம் உத்தரவு பெற்றீர்?' என்று கேட்டு அது திரும்பி வந்தது. விடிந்த பிறகு படிப்பதாக மாற்றினார். 'அதுவரை தூங்குவதற்குக் காரணம் காட்டவும்' என்று வந்தது.

இப்படி அட்டவணை போவதும் வருவதுமாக இருக்கையில் ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வந்ததை இலாகாச் சேவகன் பார்த்துவிட்டான். அனுமதியில்லாப் படிப்பு என்று மெமோ வந்தது. புத்தகம் திறந்திருந்தது வாஸ்தவம், ஆனால் மனசு அதில் இல்லை, வயல்வெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிக்கொடுத்தார். அது திருப்திகரமான சமாதானம் என்று குறித்து, இம்முறை மன்னித்தார்கள்.

அடுத்தது வினா ஊகம். கேள்வி எது வரும் என்று முன்கூட்டியே யோசித்து அதற்குத் தக்கபடி படிப்பது. கெட்ட யோசனை இல்லை. ஆனால் வினாத்தாள் தயாரிப்பவரும் கோகர்ணேச ராவ்தான். அதனால் அன்றைக்கு அவர் குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது.

"பரீட்சகர் கோகர்ணேச ராவ் என்ன கேட்பார் என்பது ஆசிரியர் கோகர்ணேச ராவுக்குத் தெரியாது. இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இலாகாவின் நேர்மை அதில்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய சுபாவத்தை நான் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன். தண்ணீரைப் பற்றிக் கேட்பார் என்று தோன்றுகிறது. பலமாகத் தோன்றுகிறது. இதை யாரும் பரீட்சகர் காதில் போடக் கூடாது."

"போடமாட்டோமுங்க" என்றார்கள் எல்லாக் கொட்டடிகளிலிருந்தும்.

பிறகு சட்டகம். வியாசம் எழுதுவதற்கு முன் அதன் எலும்புக்கூட்டை எழுதிப் பார்க்க வேண்டும். எலும்புக்கூட்டில் எத்தனை எலும்பு இருக்கலாம் என்பதிலேயே மாசி பிறந்துவிட்டது. கடைசியாக எழுதிப் பழகும் பாடம் வந்தபோது யுத்தச் சிக்கனம் குறுக்கே நின்றது: பயிற்சிக்குக் காகிதமும் மையும் கிடையாது. சூப்பிரண்டு தளரவில்லை. மையில்லாத பேனாவால், காகிதமில்லாத மேஜைமேல், மணியடித்ததும் எழுத ஆரம்பித்து மணியடித்ததும் நிறுத்தச் சொன்னார். நடுவில் நடந்து வந்து ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து பார்த்தார்.

"மோத்தி! கையெழுத்து சீராக இல்லை" என்றார் வெள்ளைச்சாமியிடம்.

"திருத்திக்கிறேனுங்க" என்று வெள்ளைச்சாமி மேஜையைத் துண்டால் துடைத்தார்.

உண்மையான ஆயத்தம் நடந்தது கொன்றைக்குடியில், அட்டவணையில் எங்கேயும் இல்லாத ஒரு நேரத்தில். சாயங்காலம் வேளாங்கண்ணி அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு புளியங்கொட்டை நீக்குவாள். எதிரே உட்கார்ந்து தைரியநாதன் தன் வியாசத்தை வாயால் சொல்லிப் பார்ப்பார்.

"தண்ணீர் மிகவும் இன்றியமையாதது. தண்ணீர் இல்லாவிட்டால் ஜீவராசிகள்..."

"இது யாருக்குத் தெரியாது? இதுக்கு ஒரு பரீட்சையா?"

"முன்னுரைன்னா அப்படித்தான் இருக்கும்."

"சரி, மேல சொல்லுங்க. எந்த ஊருல தண்ணி இல்ல? யாருக்கு இல்ல? சும்மா தண்ணி தண்ணின்னா தாகமா எடுக்கும்?"

அதே வாரம் சூப்பிரண்டும் உதாரணப் பாடம் எடுத்திருந்தார்: உதாரணம் தான் இருக்கிற ஊரில் நடந்ததாக இருக்க வேண்டும், மாதம், அளவு, சாட்சி மூன்றும் வேண்டும், இவை இல்லாத உதாரணம் வதந்தி, படிப்பவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். கொன்றைக்குடியில் தண்ணீர் சம்பந்தமாக அப்படி எதுவும் நடந்ததில்லை. கண்மாய் நிறையும், வயலுக்குப் பாயும், வற்றும். அவ்வளவுதான்.

"அருமை தெரியணும்னா அது போனாத்தானே தெரியும்?" என்றாள் வேளாங்கண்ணி, கொட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே.

மறுநாள் தைரியநாதன் கண்மாய்க் கரையை உடைத்தார். வாயால்தான். ஐப்பசி மாதத்து அடைமழை, மடைக்குத் தெற்கே ஏழு கெஜம் கரை போய்விட்டது, கதிர் பிடித்த நெல் எல்லாம் மணலுக்கு அடியில். வேளாங்கண்ணியின் கை நின்றுவிட்டது. காத்தாயி என்று ஒரு கிழவி, ஆட்டுக்குட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பனைமரத்தைப் பிடித்தபடி விடியும்வரை நிற்கிறாள்.

"மாதாவே! அப்புறம்? குட்டி பொழைச்சுச்சா?"

"அதை முடிவுரையிலே வச்சிருக்கேன்."

"இதை எழுதுங்க" என்றாள். "இதுக்கு மார்க்கு போடலைன்னா அவுக மனுசரே இல்ல."

பரீட்சையில் 'தண்ணீரின் அருமை' என்றே கேள்வி வந்தது. ஆசிரியர் கோகர்ணேச ராவ் பரீட்சகரின் சுபாவத்தைச் சரியாகக் கணித்திருந்தார். தைரியநாதன் கரையை உடைத்து, நெல்லை மூழ்கடித்து, காத்தாயியைக் காப்பாற்றிவிட்டு வெளியே வந்தார். குட்டியும் பிழைத்தது.

பரீட்சகர் அதைப் படித்தபோது மெய்யாகவே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார் என்று சேவகன் பிற்பாடு சொன்னான். எழுந்தவருக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. சமஸ்தானச் சொத்துக்குச் சேதம் என்று எந்த ஊழியரும் எழுத்துமூலம் தெரிவித்தால், அதைக் கண்ட அதிகாரி அன்றைக்கே உரிய இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். வியாசம் 'அவசரம்' என்று சிவப்பு மையில் குறிக்கப்பட்டு, நீர்நிலைக் கண்காணிப்பு இலாகாவுக்குப் போனது. விசாரணை முடியும்வரை மார்க்கு நிறுத்திவைக்கப்பட்டது.

பங்குனியில் ஒரு நாள் சைக்கிளில் ஓவர்சியர் தங்கமுத்து கொன்றைக்குடிக்கு வந்து, கண்மாய்க் கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். திரும்பவும் நடந்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியாரைக் கூப்பிட்டார். ஊர்த் தலைவரான அம்பலம் அய்யாக்கண்ணுவும் கூடவே வந்தார்.

"உடைப்பு எங்கிட்டுங்க இருக்கு?" என்றார் ஓவர்சியர்.

"உடைப்பு இல்லீங்க. அது உதாரணம்."

"ஏழு கெஜம்னு எழுதியிருக்கீங்களே."

"உதாரணத்துக்கு அளவு வேணும்னு சொன்னாங்க."

அய்யாக்கண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஊருல இருக்கிற ஒரே கண்மா. அதை எழுதியே ஒடைச்சிட்டீகளாமே, வாத்தியாரே? ஒங்களுக்கு ஆவூருல கண்மா இல்லையா?"

சாட்சி விசாரிக்கப்பட்டது. தைரியநாதன் வாய்க்கு வந்த பெயரைத்தான் எழுதியிருந்தார். ஆனால் காத்தாயி இல்லாத ஊர் எது? கொன்றைக்குடியிலும் ஒருத்தி இருந்தாள், ஆடும் வைத்திருந்தாள். சர்க்கார் காகிதத்தில் தன் பெயர் இருப்பதைக் கேட்டதும் அவளுக்கு வந்த பெருமைக்கு அளவில்லை.

"ஆமாங்க, பனைமரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள். "ஒரு குட்டியின்னா எழுதியிருக்காரு? மூணு குட்டிங்க. ரெண்டு போயிருச்சு. அதுக்கு என்ன குடுப்பீக?"

"ஏத்தா, நீ என்னைக்கு மரத்தைப் பிடிச்சே?" என்றார் தைரியநாதன்.

"எழுதினவரு நீங்க. என்னையக் கேட்டா?"

ஓவர்சியர் குறித்துக்கொண்டார். சாட்சி, எழுதப்பட்டதற்கு மேலாகவே ஒத்துப்போகிறது.

தைரியநாதன் புதுக்கோட்டைக்கு ஓடினார். சூப்பிரண்டு கூரையைப் பார்த்தபடி நிலைமையை விளக்கினார்.

"உமது வியாசம் மிக உயர்ந்தது. அதனால்தான் சிக்கல். உடைப்பு மெய்யானால், ஐப்பசியில் கண்டதை மாசிவரை தெரிவிக்காத குற்றம் உம்மேல் விழும். பொய்யானால், சர்க்காருக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றம். இரண்டுக்கும் தண்டனை வேலைநீக்கம்தான். சுமாராக எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் உண்டா? மற்ற அபேட்சகர்களைப் பாரும். ஒருவர் எழுதியதையும் நான் நம்பவில்லை. எல்லாரும் பாஸ்."

"நீங்கதானே உதாரணம் வேணும்னு சொன்னீங்க?"

"அது ஆசிரியர் சொன்னது. பரீட்சகரிடம் வந்து ஆசிரியரைப் பற்றிப் புகார் சொல்வது நாகரிகமில்லை."

வேறு வழியே இல்லையா என்று தைரியநாதன் கேட்டார். ஒரு வழி இருந்தது. அதை ஓவர்சியர்தான் கண்டுபிடித்திருந்தார். உடைப்பு இல்லை என்று அவரும் எழுத முடியாத நிலை; அதற்குள் மேலே போன காகிதங்களில் உடைப்பை அடைப்பதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. கிடைத்த அனுமதியைத் திருப்பி அனுப்பிய ஓவர்சியர் இதுவரை பிறந்ததில்லை. ஆகவே உடைப்பு இருந்தே ஆக வேண்டும். சித்திரையில் கண்மாய் வற்றிக் கிடக்கிறது. ஏழு கெஜம் வெட்டிவிட்டால் உடைப்பு மெய்யாகிவிடும். வெட்டிய இடத்தைக் கல் வைத்துக் கட்டிவிட்டால் காரியமும் முடிந்துவிடும். பழைய உடைப்பா புதிய உடைப்பா என்று பார்க்கக் காகிதத்தில் இடமில்லை. தெரிவிக்கத் தாமதித்த குற்றத்துக்குச் சூப்பிரண்டு ஒரு சமாதானம் வைத்திருந்தார்: பரீட்சை மாசியில்தான் நடந்தது, அதற்குமுன் எழுதியிருந்தால் அது அனுமதியில்லாப் படிப்பு.

கொன்றைக்குடியில் கூட்டம் கூடியது. அய்யாக்கண்ணு கடப்பாரையுடன் எழுந்திருப்பார் என்று தைரியநாதன் எதிர்பார்த்தார். அம்பலம் தாடையைச் சொறிந்தார்.

"அந்தக் கரைக்குக் கல்லுக் கட்டித் தாங்கன்னு எங்கப்பன் காலத்துல இருந்து மனுப் போடுறோம். ஒருத்தனும் எட்டிப் பாக்கல. வெட்டினாத்தான் கட்டுவாகன்னா வெட்டிட்டுப் போகட்டும். என்னய்யா சொல்றீக?"

எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். தைரியநாதன் மட்டும் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. வீட்டில் அடைக்கலராஜின் புதுக் கடிதம் கிடந்தது.

ஓவர்சியர் வியாசத்தின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று வெட்டவைத்தார். மடைக்குத் தெற்கே, சரியாக ஏழு கெஜம். ஆறரைக் கெஜத்தில் ஆட்கள் களைத்துப்போனபோது, காகிதத்தைக் காட்டி மேலும் வெட்டச் சொன்னார்.

வெட்டியதோடு இலாகா நின்றுவிட்டது. யுத்தச் சிக்கனத்தில் கல்லுக்குத் தடை வந்ததாகச் சொன்னார்கள். வைகாசி போயிற்று. ஆனியும் போயிற்று. ஆடிக் காற்றில் பிளவு வழியாகப் புழுதி ஊருக்குள் வந்தது. அய்யாக்கண்ணு இப்போது வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மழை வந்தா ஒரு சொட்டு நிக்காது. ஒங்க எழுத்துக்குத்தான் மருவாதி இருக்கே. ஒடைச்ச கையாலயே அடைக்கச் சொல்லி எழுதுங்க."

தைரியநாதன் எழுதினார். இந்தத் தடவை அலங்காரம் எதுவும் இல்லை. 'கொன்றைக்குடிக் கண்மாய்க் கரையில் மடைக்குத் தெற்கே ஏழு கெஜம் திறந்து கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அடைக்க வேண்டும்.' அவ்வளவுதான். நீர்நிலைக் கண்காணிப்பு இலாகாவில் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். இந்த ஊழியர் எழுதுவது வியாசம் என்று முன் ஆவணம் இருந்ததால், உரிய இலாகாவான ஆயத்த இலாகாவுக்கு அனுப்பிவைத்தார்கள். பத்து நாள் கழித்து மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'முன்னுரை இல்லை. உதாரணம் இல்லை. முந்திய தரத்திலிருந்து பெரிய வீழ்ச்சி. நூற்றுக்குப் பதினாறு.'

அய்யாக்கண்ணுவுக்கு அதைப் படித்துக் காட்டினார்.

"பதினாறுன்னா பாஸா?"

"இல்லீங்க."

"அப்ப மம்பட்டியை எடுங்க" என்றார்.

ஆவணி முழுக்க ஊரே கரையில் நின்றது. தைரியநாதன் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து மண் சுமந்தார். அவர் கூடையை மட்டும் கூடுதலாக நிரப்பினார்கள். அதையும் சுமந்தார். காத்தாயி கரைமேல் உட்கார்ந்து, "இங்கனதான் தண்ணி பிச்சுக்கிட்டு வந்துச்சு, நான் அந்தப் பனையைப் பிடிச்சேன்" என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். அவளுக்கு அது முழுதாக நடந்துவிட்டிருந்தது.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. வேளாங்கண்ணி பிரிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றாள். தைரியநாதனின் உதாரணம் ஸ்தலத்தில் சரிபார்க்கப்பட்டு அளவும் சாட்சியும் மெய்யெனக் காணப்பட்டதால், அவர் முதல் வகுப்பில் தேறினார். வேலை நிரந்தரம். இத்தகைய திறமை ஒரு கிராமத்தில் வீணாவது முறையல்ல என்பதால், ஆயத்த இலாகாவில் உதாரணப் பாட ஆசிரியராக உடனே போய்ச் சேர வேண்டும். மறுத்தால் உத்தரவு முழுவதும் ரத்து.

"அட்டை இல்லாத ஊருதானே? கிளம்புங்க" என்றாள் வேளாங்கண்ணி. கொஞ்சம் பொறுத்து, "அங்கேயும் ஊர் கெடுக்கிற வேலைதானா?" என்றாள்.

அவர் உத்தரவை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கொட்டடிகள் நிறைந்திருந்தன. 'ராணி'யிலும் 'மோத்தி'யிலும் புது ஆட்கள். தைரியநாதன் கரும்பலகைக்கு முன் நின்று, உதாரணத்துக்கு ஊர், மாதம், அளவு, சாட்சி வேண்டும் என்று சொல்லி முடித்தார். இந்த வருஷம் நெருப்பைப் பற்றிக் கேள்வி வரும் என்று சூப்பிரண்டுக்குப் பலமாகத் தோன்றியிருந்தது.

அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருந்த ஒருவர் எழுந்தார். "எங்க ஊர்ல ஒரு வைக்கோல் படப்பு வரிசை இருக்குங்க. அது பத்திக்கிட்டதா எழுதலாமா?"

"படப்பை விட்டுருங்க" என்றார் தைரியநாதன் சட்டென்று.

"சத்திரத்துக் கூரை?"

"வேணாம்."

"ஆஸ்பத்திரி மருந்து அறை?" என்றார் வேறொருவர்.

"ஐயையோ, அதைத் தொடாதீங்க."

"பின்னே எதைத்தானுங்க எழுதுறது?"

வெளியே தாழ்வாரத்தில் கோகர்ணேச ராவ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, பாடம் நடக்கிற ஒழுங்கில் திருப்தியாக உலாவிக்கொண்டிருந்தார். தைரியநாதன் அவர் கடந்து போகும்வரை காத்திருந்தார்.

"கீழ மூணாம் வீதியில சூப்பிரண்டு ஐயா புதுசா மாடி கட்டியிருக்காரே, பார்த்திருக்கீங்களா?" என்றார். "அடுத்த வாரம் வரும்போது எல்லாரும் அதோட நீளம் அகலத்தை அளந்துக்கிட்டு வாங்க. அளவு ரொம்ப முக்கியம்."